எந்த வீட்டுத் தேக்குக் கட்டில்?

குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே பின்னால் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மதினி வீட்டுக்குக் கட்டில் வருகிறது. தேனியில் மூன்று மாடிக்கும் விளக்குப் போட்டு, பட்ஜெட் விலை என்று பலகை வைத்திருக்கும் பெரிய பர்னிச்சர் கடை ஒன்றில் வாங்கியது. நாலு அட்டைப்பெட்டி, பாலித்தீன் சுற்றிய மெத்தை ஒன்று, எல்லாவற்றையும் மாட்டித் தர ஒரு பையன். தலைமாட்டுப் பலகையை இறக்கித் திண்ணையில் சாய்த்ததும் தெருக்கோடி வாத்தியாரய்யா கிட்டே வந்தார். ரிட்டையர்டு ஆகிப் பல வருஷம் ஆகிறது, திருத்தும் பழக்கம் மட்டும் ரிட்டையர்டு ஆகவில்லை. நடுவிரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். தர்பூசணி வாங்குகிறவரைப் போலக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"அட்டை" என்றார்.

மதினி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தம்பி, நீ உள்ள கொண்டு போப்பா" என்றாள் பையனிடம்.

வாத்தியாரய்யா தனியாள் கிடையாது. டீக்கடை பெஞ்சிலிருந்து பத்திரிகைப் பத்தி வரைக்கும் ஊரே சேர்ந்து சொல்லும் தீர்ப்பு அது. பெரிய கடைக்காரன் ஆசை காட்டி அட்டையைத் தலையில் கட்டுகிறான், சனங்களுக்கு அறிவில்லை, எங்க தாத்தா போட்ட தேக்குக் கட்டில் மூணு தலைமுறையாக அசையாமல் நிற்கிறது, இப்போது ஆசாரி பிழைப்பும் போச்சு. கேட்கிற யாரும் தலையாட்டுவார்கள். நான் ஆட்டத் தயாரில்லை. இந்தத் தீர்ப்பில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முக்கால்வாசிப் பொய்யை முதலில் பார்த்துவிடலாம்.

எந்தத் தாத்தா? எந்தக் கட்டில்?

எங்கள் ஊர் பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்கள் "நியூட்ரினோவா?" என்று கேட்பார்கள். 2015 ஜனவரியில் ஆயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு வந்த பேர் அது. அம்பரப்பர் மலையைக் குடைந்து உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கப் போகிறோம் என்றார்கள். அது கோர்ட்டு, எதிர்ப்பு என்று நிற்கிறது. அந்த மலையடிவாரத்து வீடுகளுக்குள் அப்போது இருந்த இரும்பை யாரும் கணக்கெடுக்கவில்லை. நான் சிறுவனாக இருந்த வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அரிவாள்மனை, கிணற்று வாளி. மரம் என்று பார்த்தால் முக்காலி ஒன்று, மாடத்துக்குக் கதவு ஒன்று. மற்றபடி கோரைப்பாய், சாக்கு, அடுக்குப்பானை. எங்கள் தெருவில் இருபது வீட்டுக்கு மேல் இருந்தன. கட்டில் இருந்தது இரண்டு வீட்டில். இரண்டும் கிணறும் தோட்டமும் வைத்திருந்த வீடுகள். அந்தக் கட்டிலிலும் படுத்தது வீட்டுப் பெரிய ஆம்பளை. வெளியில் கிடந்த கயிற்றுக் கட்டில் தாத்தாக்களுக்கும், களத்தில் காவல் கிடந்தவர்களுக்கும். பிள்ளை பெற்றவள் மூலையில், பழைய சேலையை விரித்துத் தரையில்தான் கிடந்தாள்.

மூணு தலைமுறைக் கட்டில் பொய் என்று நான் சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் பார்க்கலாம். யானைக்கால் மாதிரி கால் வைத்த கட்டில், கடைசல் பிடித்த தொட்டில், ஒரு ஆள் தூக்க முடியாத அலமாரி. பர்மாத் தேக்கு. பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணத்தில் வந்து இறங்கியது. அந்தக் கட்டிலுக்கு வாரிசு உண்டு, அந்த வாரிசு பெருமைப்படட்டும், வேண்டாம் என்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையை எடுத்து வந்து, பாயில் பிறந்து பாயில் வளர்ந்தவள் வாங்கிய முதல் கட்டிலைத் தட்டிப் பார்ப்பது என்ன நியாயம்? மதினியின் பலகைக் கட்டிலுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது தேக்குக் கட்டிலை இல்லை. சாணி மெழுகிய தரையைத்தான்.

தரை என்றால் குளிர்ச்சி, உடம்புக்கு நல்லது, முதுகு நேராகும் என்று ஒரு வைத்தியப் பேச்சும் ஓடுகிறது. மெத்தையில் படுத்து அலுத்தவர்கள் சொல்வது. மதினி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். விடியுமுன்னே ஜீப் வரும், போடிமெட்டு வழியாக மேலே ஏறும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றாலும் காய் பிடிப்பது தூரடியில், மண்ணை ஒட்டிய சரத்தில். காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். இப்படிப் பதினெட்டு வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுபடி தரையில் உட்கார்ந்து, தரையில் படுத்து, காலையில் கையை ஊன்றி எழும்போது அவள் முழங்காலில் கேட்கும் சத்தத்தை வாத்தியாரய்யா காதைச் சாய்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, மலையடிவாரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டுவிரியன். இரவில் நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பெரிதாக வலிக்காது, பல் பட்ட தடமும் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், கண் இமை சொருகும், மூச்சு முட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் என்ன கடித்தது என்றே தெரியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது, வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள் என்பதுதான் மருத்துவர்கள் காலகாலமாகச் சொல்வது. எந்தக் கட்டில் என்று அவர்கள் சொன்னதில்லை. தேக்கோ, இரும்போ, அட்டையோ, பாம்புக்கு முக்கால் அடி உயரம் உயரம்தான்.

உயரம் என்றதும் இன்னொரு கதையும் வருகிறது, அதை நம்மூரில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. நாற்காலி, கட்டில் என்பதெல்லாம் இந்த மண்ணில் வெறும் மரச்சாமானாக இருந்ததே இல்லை. யார் உட்காரலாம், யார் வந்தால் எழுந்திருக்க வேண்டும், யார் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும் என்ற சட்டம் அதில் ஏறி உட்கார்ந்திருந்தது. பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்தலில் ஜெயித்த பட்டியல் சாதி ஊராட்சித் தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாடு முழுக்கப் பரவியது. அந்த நாற்காலிகள் பிளாஸ்டிக் என்பதை அப்போதே கவனித்தேன். சில நூறு ரூபாய்ப் பொருள். அதைக்கூட ஒருத்திக்கு மறுக்க முடிகிறது என்றால், அதை அவளே காசு கொடுத்து வாங்கித் தன் வீட்டு நடுவில் போட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று தேக்குப் பரம்பரைக்குப் புரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆசாரிக்கு வருவோம். இந்த வாதத்தில்தான் எதிர்த்தரப்புக்குக் கண்ணீர் அதிகம். எங்கள் பக்கத்தில் குப்பனாசாரிபட்டி என்று ஊரே இருக்கிறது, ஆசாரி பேரை ஊருக்கு வைத்த மண்தான். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம், பெரிய கடை வந்துதானே உங்கள் தொழில் படுத்தது என்று கேட்டேன். உளியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார். "கட முந்தாநாத்து வந்துச்சு தம்பி. கட்டில் செஞ்ச கூலிய மூணு அறுப்புக்கு இழுத்தடிச்சாங்களே, அதுவா கடக்காரன் செஞ்சான்?" என்றார். அவர் மகன் திருப்பூரில் பிளைவுட்டில் அடுப்படி அலமாரி போடுகிறான். நாள் கூலி அன்றன்றைக்குக் கைக்கு வருகிறது. ஆசாரியின் கூலியில் பேரம் பேசியவர்களும், இன்று ஆசாரிக்காக அழுகிறவர்களும் பல நேரம் ஒரே வீட்டுக்காரர்கள்.

ஆசாரியிடம் கட்டில் சொல்வது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். மரம் பார்ப்பது, விலை முடிப்பது, நீளம் அகலம் சொல்வது எல்லாம் ஆம்பளை. எட்டுப் பத்து கன அடி மரத்துக்கு மொத்தமாகக் காசு வைத்திருக்கிறவன். பெண் என்ன உயரத்தில் உட்கார்ந்து எழ முடியும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. இந்த இடத்தில்தான் அந்த மூன்று மாடிக் கடை எனக்குப் பிடித்துப்போனது.

மதினியோடு நானும் போயிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டாள். வாட்ச்மேன், "பரவால்லம்மா, போட்டுட்டே வாங்க" என்றார். அவள் கேட்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டாள். முதல் மாடியில் ஏ.சி. குளிரில் வரிசையாக அறைகள் மாதிரி போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கட்டில், பக்கத்தில் குட்டி மேசை, அதன் மேல் பூ இல்லாத பூச்சாடி. முதல் கட்டிலை விரலால் தொட்டாள். இரண்டாவதில் நுனியில் உட்கார்ந்தாள். மூன்றாவதில் விற்பனைப் பையன், "படுத்துப் பாருங்கக்கா, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றான். அக்கம்பக்கம் பார்த்தாள். செருப்பைக் கீழே வைத்தாள். படுத்தாள். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் போலக் கிடந்திருப்பாள். பிறகு எழுந்து, "இது ரொம்பத் தாழ்வு. முட்டி மடங்குது. இதவிட ஒரு சாண் ஏத்தமா இருக்கா?" என்று கேட்டாள். ஐம்பது வயதில், தன் உடம்புக்கு என்ன அளவு வேண்டும் என்று ஒரு கடையில் நின்று கேட்டாள். எங்கள் வீட்டுப் பெண்களில் இப்படிக் கேட்டவள் எனக்குத் தெரிந்து அவள்தான் முதல்.

2018 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத்தில் ஸ்வீடன்காரர்களின் ஐக்கியா பர்னிச்சர் கடை திறந்தபோது சனம் முட்டி மோதியதைப் பார்த்து எத்தனை கேலி! நாலு லட்சம் சதுர அடி, ஆயிரம் பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம், 200 ரூபாய்க்குக் கீழே ஆயிரம் பொருள் என்று விளம்பரப்படுத்தினார்கள். ரோடு அடைத்துக்கொண்டது. ஸ்பூன் வாங்க இவ்வளவு கூட்டமா என்றார்கள். ஸ்பூனுக்கு மட்டும் வந்த கூட்டமாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் விரட்டாமல் பத்துச் சோபாவில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதும் பலரை இழுத்திருக்கும்.

பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் சாமானைப் பற்றியும் ஒரு ஏளனம் இருக்கிறது. மாட்டிக் கட்டுவதெல்லாம் ஒரு கட்டிலா என்பார்கள். அந்த வழக்கத்துக்கு ஸ்வீடனில் சொல்லும் கதை 1956-ஐச் சேர்ந்தது. ஐக்கியாவில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரேன் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் காலைக் கழற்றி உள்ளே வைத்தார், அதிலிருந்து பிடித்தது அந்த யோசனை என்பார்கள். நமக்குக் கார் இல்லை, ஆனால் வாசல் இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்து வீடு 360 சதுர அடி. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வீட்டு வாசலில் தாத்தாவின் யானைக்கால் கட்டிலைக் கொண்டு வந்து நிறுத்துங்கள் பார்ப்போம். நிலையை உடைத்தால்தான் உள்ளே போகும். போனாலும், அடுப்பு வைக்க இடம் கிடைக்குமா? மதினி வாங்கிய கட்டிலுக்கடியில் பெட்டி இருக்கிறது. ரேஷன் அரிசியும் பேரனின் பழைய புத்தகமும் அதற்குள் இருக்கின்றன.

சரி, கால்வாசி உண்மை.

அது அட்டை இல்லை, ஆனால் மரமும் இல்லை. மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு கலந்து சூடாக அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. புதுசில் அடிக்கும் நெடி அந்தப் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு. சில நாள் ஜன்னலைத் திறந்து போட வேண்டும், கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் அதற்கு எமன். தினமும் வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கிற வீட்டில் கட்டில் காலடி ஐப்பசி கார்த்திகைக்குள் ஊறி உப்பும், ஓரத்தில் ஒட்டிய பட்டை வாயைத் திறக்கும். காலுக்கடியில் பிளாஸ்டிக் குமிழ் வைத்துவிட்டால் பல வருஷம் தாங்கும். அந்தக் குமிழைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகத் தர மாட்டார்கள். ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றினால் மறுபடி அதே பிடிமானம் வராது. ஆகவே வருஷா வருஷம் வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது. அவர்கள் இரும்புக் கட்டில் வாங்கலாம், அதே கடையில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ரப்பர் மரக் கட்டில் என்றும் ஒன்று உண்டு. பால் வற்றிய பிறகு வெட்டப்படுகிற மரம், முன்னே அடுப்புக்குப் போனது. இதையெல்லாம் வாத்தியாரய்யா மதினியிடம் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் சொன்னது ஒரே சொல்.

மெத்தையில் மட்டும் நான் முழுசாகத் தோற்றுப்போகிறேன். இலவம்பஞ்சுக்குப் பேர் போன போடி பக்கத்தில் இருக்க, கடைகளில் ஆர்த்தோ என்று அச்சடித்த நுரை மெத்தையைத் தள்ளுகிறார்கள். ஆர்த்தோ என்ற சொல்லுக்கு எந்த டாக்டரும் கையெழுத்துப் போடவில்லை. சித்திரை வெயிலில் காய் வெடித்து, கொட்டை பிரித்து, அடித்துத் திணித்த இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தவனுக்கு, கோடையில் நுரை மெத்தை தோசைக்கல். பஞ்சு மெத்தை மொத்தை மொத்தையாகக் கட்டிக்கொள்ளும், வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், சில வருஷத்துக்கொருமுறை பிரித்து அடிக்க வேண்டும். அதற்கெல்லாம் வேலைக்குப் போகிறவளுக்கு நேரமில்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் நான் போடி மெத்தை பக்கமே.

சீர்வரிசை இன்னொரு விஷயம். கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், சோபா எல்லாம் சேர்த்து கல்யாண காம்போ என்று ஒரே விலை போட்டுப் பலகை தொங்குகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, பலகை அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் கடைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் சோபா கேட்டது மாப்பிள்ளை வீடு. அந்த வீட்டுத் தாத்தாவும் தேக்கைப் பற்றிப் பேசுகிறவராக இருப்பார்.

ஏமாற்று எங்கே இருக்கிறதோ அங்கே யாரும் தட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் பெரிய மனத்தாங்கல். விரல் முட்டி பலகையில் படுகிறது, பில்லில் படுவதில்லை. வட்டியே இல்லை, மாசம் 1,850, பத்து மாசம் என்றார்கள் மதினியிடம். 2013-லேயே ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்று சொல்வதைக் கண்டித்து, வட்டியைப் பிராசஸிங் கட்டணம் என்ற பேரில் ஒளித்து வைக்கிறீர்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. மதினியிடம் கார்டு இல்லை, பைனான்ஸ் கம்பெனிக் கடன். அதிலும் பில்லின் கீழே பொடி எழுத்தில் பிராசஸிங் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம், கேட்காத நீட்டிப்பு வாரண்டி ஒன்று. ரொக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். விற்பனைப் பையன் மேனேஜரைப் பார்த்தான், மேனேஜர் கால்குலேட்டரைப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு குறைந்தது. ஆக, வட்டி அதுதான். மகளிர் குழுவில் வாரத்தவணை கட்டிப் பழகிய மதினிக்கு அந்தக் கணக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. கட்டணத்தைப் பேசிப் பாதியாக்கி, வாரண்டியை அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

நாலாவது மாசம், கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியின் மூடியைத் தாங்கும் கம்பி ஒருபக்கம் கழன்றது. ஒரு வருஷ வாரண்டி உண்டு என்று சொல்லியிருந்தார்கள். போன் போட்டால் நாளைக்கு, திங்கட்கிழமைக்கு, ஆள் லீவு. மதினி ஒருநாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறினாள், நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்தவர் வாரண்டி கார்டைத் திருப்பிப் பார்த்து, "இதுல சீலே இல்லையேம்மா" என்றார். சீல் வைக்காமல் கொடுத்தது அவர்கள்தான். மேனேஜர் வரட்டும், சாயங்காலம் வருவார், போய்ட்டு வாங்க என்றார்.

"இல்ல தம்பி, இருக்கேன்" என்றாள் மதினி.

கவுன்டருக்கு நேர் எதிரே மெரூன் கலரில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று. விலைச்சீட்டு தொங்கியது. இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. நடுவில் உட்கார்ந்து, சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் சோபாவைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் வராமல் போனார்கள். கவுன்டர்க்காரர் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக் குடித்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு, சாயங்காலம் வரவேண்டிய மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார், சீலோடு.